மாற்றுப் புகைபோக்கித் தொகுதி

மாற்றுப் புகைபோக்கித் தொகுதி என்பது, தானுந்து ஒன்றில் தயாரிப்பாளர் பொருத்திய புகைபோக்கிக்குப் பதிலாக உரிமையாளர் பின்னர் வாங்கிப் பொருத்தும் குழாய்களும் ஒலியடக்கிகளும் (சைலன்சர்) அடங்கிய தொகுதி ஆகும். ஸ்போர்ட்ஸ் கார்களில் மிகப் பரவலாகச் செய்யப்படும் மாற்றங்களுள் இதுவும் ஒன்று. கூடுதல் திறனை எதிர்பார்த்தே பலர் இதை வாங்குகின்றனர். எனினும் பெரும்பாலான வண்டிகளில் குறிப்பிடத்தக்க அளவு மாறுவது ஒலியும் எடையுமே.

வகைகள்

பொறியின் உருளைகளிலிருந்து வெளிவரும் எரிவளி, பல்கிளைக் குழாயில் ஒன்றுசேர்ந்து, வினையூக்கி மாற்றியையும் ஒலியடக்கியையும் கடந்து வெளியேறுகிறது. கடைசி ஒலியடக்கியை மட்டும் மாற்றும் தொகுதி ஆக்சில்-பேக் எனவும், வினையூக்கி மாற்றிக்குப் பின்னுள்ள அனைத்தையும் மாற்றும் தொகுதி கேட்-பேக் எனவும் அழைக்கப்படுகின்றன.

திறன்

பொறி நன்கு இயங்கப் பின்னழுத்தம் தேவை என்று பரவலாகக் கூறப்படுவது தவறு. பின்னழுத்தம் என்பது இழப்பே. பொறிக்கு உதவுவது, எரிவளி வெளியேறும்போது குழாயில் உண்டாகும் அழுத்த அலை. அது பொருத்தமான நேரத்தில் திரும்பி வந்தால் உருளையில் எஞ்சிய வளியையும் இழுத்துச் செல்லும். இது பெரும்பாலும் பல்கிளைக் குழாயின் நீளத்தையும் விட்டத்தையும் சார்ந்தது. ஆகவே டர்போ இல்லாத பொறியில் பின்பகுதியை மட்டும் மாற்றுவதால் கிடைக்கும் திறன் சிறிதளவே. தேவைக்கு மேல் பெரிய குழாய் ஓசையையும் எடையையும் கூட்டும்.

டர்போ பொறிகளின் நிலை வேறு. சுழலிக்குப் பின்னுள்ள அழுத்தம் குறையும்போது திறன் தெளிவாக உயரும். ஆனால் அங்கு மிகுந்த தடையைத் தரும் பகுதியிலேயே பல வண்டிகளில் வினையூக்கி மாற்றி அமைந்துள்ளது. அதை நீக்குவதை அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் தடை செய்கிறது. மாற்றிக்குப் பின்னுள்ள ஆக்சிசன் உணரியும் அதன் இன்மையைக் கண்டறிந்து எச்சரிக்கை விளக்கை எரியச் செய்யும்.

ஒலி

ஒலியின் தன்மையைப் பெரிதும் தீர்மானிப்பது பொறியின் அமைப்பே. சுபாரு இம்பிரெசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். வண்டியின் பழைய பொறிகளில் கேட்கும் விட்டுவிட்டு உறுமும் ஒலி, பல்கிளைக் குழாயின் கிளைகள் சமமற்ற நீளம் கொண்டிருந்ததால் உண்டானது. சம நீளக் கிளைகளைப் பொருத்தியவர்கள் அவ்வொலியை இழந்தனர். அவ்வொலிக்காகவே அவ்வண்டியை விரும்பியோர் பலர்.

வாங்குவோர் அடிக்கடி கவனிக்கத் தவறுவது நெடுஞ்சாலை வேகத்தில் எழும் ரீங்காரம். நான்கு உருளைப் பொறி நிமிடத்திற்கு 3000 சுற்றுகளில் ஓடும்போது நொடிக்கு 100 வெடிப்புகள் நிகழ்கின்றன. இந்த 100 எர்ட்சு ஒலி, வண்டியின் உட்பகுதியோடு ஒத்ததிர்ந்தால் நீண்ட பயணம் தாங்க முடியாததாகும். முடிய முனையுள்ள பக்கக்குழாய் ஒன்றை, நீளம் ஒலியலையின் கால் பங்காக இருக்குமாறு இணைத்து இதனைக் குறைக்கலாம். சூடான வளியில் ஒலி விரைவாகச் செல்வதால் அக்குழாய்க்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் தேவைப்படும். நின்ற வண்டியில் பதிவு செய்த ஒலியைக் கேட்டு இந்தக் குறையை அறிய இயலாது.

பொருள்

409 வகைத் துருவேறா எஃகு மலிவானது. ஆனால் அதன் மேற்பரப்பில் துரு படரும். சாலையில் உப்புத் தூவும் குளிர் நாடுகளில் குரோமியமும் நிக்கலும் மிகுந்த 304 வகையே நீடிக்கும். டைட்டேனியத்தின் அடர்த்தி எஃகினதில் ஏறத்தாழ 57 விழுக்காடு மட்டுமே, விலையோ மிக அதிகம்.

சட்டமும் அளவீடும்

கலிபோர்னியாவில் 6000 பவுண்டுக்குக் குறைந்த மொத்த எடை கொண்ட தானுந்துகளுக்கான வரம்பு 95 டெசிபெல். இது நின்ற வண்டியின் வால்குழாயிலிருந்து சுமார் அரை மீட்டர் தொலைவில் அளக்கப்படுவது. அதே மாநிலத்தின் லகூனா செக்கா பந்தயத் தடத்தில், முழு வேகத்தில் கடந்து செல்லும் வண்டியின் ஒலியைச் சுமார் 15 மீட்டர் தொலைவில் அளக்கின்றனர். அங்கு பல நாள்களில் வரம்பு 90 டெசிபெல்லை ஒட்டியே இருக்கும். இவ்விரு எண்களையும் நேரடியாக ஒப்பிட இயலாது. சாலைச் சோதனையில் தேறிய வண்டி, தடத்திலிருந்து வெளியேற்றப்படலாம். எனவே விளம்பரத்தில் டெசிபெல் எண் மட்டும் இருந்து, தொலைவும் பொறியின் சுற்றுவேகமும் குறிப்பிடப்படாவிடில் அவ்வெண்ணால் பயன் இல்லை. தடத்திற்குச் செல்வோர் சிலர், கழற்றக்கூடிய செருகு ஒலியடக்கியை உடன் கொண்டு செல்கின்றனர்.