காணாமற்போன செல் வரிசை: உறையிட்ட பாப்பில்லரிப் புற்றை வாசித்த வரலாறு

எமத் ரகாவும் உடனாய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே தீர்ப்பு எழுதப்பட்டிருந்தது. மார்பகத்தின் உறையிட்ட பாப்பில்லரிப் புற்று ஓர் ஊடுருவும் கட்டி; ஆனால் அதன் நோய்முடிவு மிக நல்லது. மார்பகப் புற்றுகளில் நூற்றுக்கு ஒன்றோ அதற்கும் குறைவோதான் இந்த வகை. பெரும்பாலும் மாதவிடாய் நின்ற பெண்களிடம், காம்புக்குப் பின்புறம் நீர்க்கட்டிபோல் வளரும். தலைப்பின் இரண்டாம் பாதியில் யாருக்கும் பிணக்கில்லை. முதல் பாதிதான் சிக்கல்.

ஊடுருவல் என்று முடிவாகிவிட்டால் கட்டியின் முழு அளவும் நோய்நிலைக் கணக்கில் ஏறும். மூன்று சென்டிமீட்டர்க் கட்டி, இடத்தைவிட்டு நகராத புற்று (இடநிலைப் புற்று) என்ற பட்டியலிலிருந்து ஒரேயடியாக இரண்டாம் அளவுப் படிக்குத் தாவிவிடும். சிகிச்சையும் அதற்கேற்பக் கடுமையாகக்கூடும்.

அந்த வாசிப்புக்கு வித்திட்டது பாஸ்டனில் லாரா காலின்ஸ், ஸ்டூவர்ட் ஷ்னிட் குழு 2006இல் செய்த ஆய்வு. சாதாரணப் பால் நாளத்தைச் சுற்றி மயோஎபிதீலியச் செல்கள் ஒரு வரிசையாக நிற்கும். பி63 சாயம் ஏற்றினால் அவற்றின் உட்கருக்கள் பழுப்பு மணிகள் கோத்ததுபோல் தெரியும். புற்று நாளத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும்வரை இந்த வேலி இருக்கும். ஊடுருவினால் இராது என்பது நோய்க்குறியியலாளரின் அன்றாட அளவுகோல். காலின்ஸ் குழு பி63 உட்பட ஐந்து குறிப்பான்களை 22 கட்டிகளில் சோதித்தது. ஒன்றின் சுற்றுவிளிம்பில்கூட வரிசை இல்லை. ஒப்பீட்டுக்கு வைத்த 15 தீங்கற்ற பாப்பில்லோமாக்களில் அது இருந்தது.

அப்படிப்பட்ட ஒரு ஸ்லைடு இப்படித் தெரியும்: நடுவில் மெல்லிய இரத்தக்குழாய்த் தண்டுகளில் கிளைத்த செல்கள், சுற்றிலும் தடித்த நார்ச்சுவர். சற்றுத் தள்ளி ஒரு சாதாரண நாளம், அதைச் சுற்றிப் பழுப்பு மணிகள். சாயம் வேலை செய்திருக்கிறது என்பதற்கு அந்த நாளமே சாட்சி. எனவே கட்டியின் விளிம்பில் மணி இல்லாததைச் சாயத்தின் குறை என்று தள்ள முடியாது. ஆனால் அது எதைச் சொல்கிறது? காலின்ஸ் குழு அவசரப்படவில்லை. விரிந்த சுவரில் வரிசை இழுபட்டு மறைந்த இடநிலைப் புற்றாக இருக்கலாம். அல்லது மிக மந்தமான ஊடுருவும் புற்றாக இருக்கலாம் என இரண்டு வழிகளையும் திறந்தே வைத்தது. 2011இன் தலைப்பு ஒன்றை மூடிவிட்டது.

அந்த மூடலை எதிர்க்க வலுவான சாட்சி, புற்றே அல்லாத ஒன்று: நுண்சுரப்பி அடினோசிஸ். 1983இல் ரோசன், டவாசோலி–நாரிஸ், கிளெமென்ட்–அசோபார்டி எனத் தனித்தனி ஆய்வுகள் இதை விவரித்தன. சிறு வட்டச் சுரப்பிகள் கொழுப்புக்குள் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடக்கும். அவற்றைச் சுற்றி மயோஎபிதீலிய வரிசை அறவே இல்லை. ஆயினும் ஒவ்வொரு சுரப்பியையும் அடித்தளச் சவ்வு சூழ்ந்திருக்கும். கொலாஜன் 4, லேமினின் சாயங்கள் அதைக் கோடாகக் காட்டும். வரிசை இல்லாததே ஊடுருவலுக்குச் சான்றென்றால் இதையும் ஊடுருவும் புற்று என்றல்லவா சொல்ல வேண்டும்? யாரும் சொல்வதில்லை.

எஸ்பொசிட்டோ, டாப்ஸ், பார்கவா மூவரும் 2009இல் 27 கட்டிகளில் தேடியதும் இதே சவ்வைத்தான். உறையைச் சுற்றிக் கொலாஜன் 4 தெளிவாகத் தெரியக் கண்டு, இது இடநிலைப் புற்றே என்ற பக்கம் சாய்ந்தனர். 2011இன் வாசிப்பு இந்தச் சான்றுக்கு உரிய எடை தரவில்லை என்பதே இங்கு வைக்கப்படும் மறுப்பு.

மறுப்பிலும் ஓட்டைகள் உண்டு. ஊடுருவும் கட்டிகள் சில தாமே அடித்தளச் சவ்வுப் பொருளைச் சுரக்கும்; ஆகவே கொலாஜன் 4 இருப்பதும் தனியாக எதையும் முடிக்காது. அடினோசிஸ் சாட்சியும் முழுத் தூய்மையானதல்ல. அதிலிருந்து புற்று எழுந்த நேர்வுகள் பதிவாகியுள்ளன. அதையே ஒரு முன்னோடிப் புண்ணாகக் கருதுவோரும் உள்ளனர். உறையிட்ட பாப்பில்லரிப் புற்று நிணநீர்க் கணுவுக்குப் பரவிய அரிய நேர்வுகள் எதிர்த்தரப்பின் பலம். 2007இல் மல்லிகன், ஓ'மாலி அப்படி இரண்டை விவரித்தனர். பயாப்ஸி ஊசி தள்ளிவிட்ட செல்களும் கணுவைச் சென்றடையும் என்பது அதற்கு முன்பே தெரிந்த செய்தி. ஆனால் அதைக் கொண்டு எல்லா நேர்வுகளையும் தள்ளிவிட முடியாது.

உலக சுகாதார அமைப்பின் 2012, 2019 வகைப்பாடுகள் நடைமுறைக்கு ஒரு வழி சொல்லின. உறைக்கு வெளியே வழக்கமான ஊடுருவல் இல்லையெனில் இடநிலைப் புற்றாகவே நிலை குறிக்க வேண்டும். இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் அளக்க வேண்டும். உயர்தரக் கட்டிகளை 2019 பதிப்பு விலக்காக்கி, ஊடுருவும் புற்றாகக் கருதச் சொல்கிறது.

செல் வரிசை எந்தக் கட்டத்தில் மறைகிறது என்பதற்கு இன்றும் காலக்கணக்கு இல்லை. நாளம் விரியும்போதே மெலிந்து போகிறதா, உறை தடித்த பிறகு அழிகிறதா? அகற்றிய கட்டியின் ஸ்லைடில் கடைசிக் காட்சி மட்டுமே கிடைக்கிறது. ஒரே கட்டியில் வரிசை பாதி இருந்து பாதி இல்லாத விளிம்புகளைத் தொடர் வெட்டுகளில் பின்தொடர்ந்தால் இந்த வரிசைமுறைக்கு ஒரு தடயம் கிடைக்கலாம்.