பழைய வீட்டுக் கணினியை மேம்படுத்தல்

பழைய வீட்டுக் கணினியை மேம்படுத்தல் என்பது, பல ஆண்டுகள் பயன்பட்டு வேகம் குன்றிய ஒரு கணினியின் சில உறுப்புகளை மட்டும் மாற்றி, அதன் திறனுக்கு ஏற்ற இயங்குதளத்தை நிறுவித் தொடர்ந்து பயன்படுத்துவது ஆகும். கணினி நல்ல நிலையில் இருக்கும்போதே அதன் இயங்குதளத்துக்கான ஆதரவு முடிந்துவிடுவதால் இத்தேவை பெரும்பாலும் எழுகிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 7க்கான ஆதரவை 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை 2025 அக்டோபர் 14 அன்றும் முடித்துக்கொண்டது.

வேகம் குறைவதற்கான காரணம்

செயலி வயதாவதால் மெதுவாவதில்லை. விசிறியில் தூசி படிந்து வெப்பம் மிகும்போது மட்டும் அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தூசியை நீக்கினால் இக்குறை பெரும்பாலும் தீரும். உண்மையில் வளர்ந்தது மென்பொருளின் தேவையே. 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி குறைந்தது 64 மெகாபைட் நினைவகம் கேட்டது. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிகாபைட், அதாவது 64 மடங்கு.

ராம் எனப்படும் முதன்மை நினைவகம் போதாதபோது, இயங்குதளம் அதன் ஒரு பகுதியை வன்தட்டுக்கு மாற்றி, வேண்டும்போது திரும்பப் படிக்கிறது. வன்தட்டில் ஒரு தகவலை எடுக்க, படிக்கும் முனை உரிய இடத்துக்கு நகரவும் தட்டு சுழன்று வரவும் வேண்டும். இதற்கு ஏறத்தாழ 10 மில்லிவினாடிகள் ஆகின்றன. இது செயலியின் கணக்கில் மிக நீண்ட காலம். வன்தட்டு விளக்கு விடாது எரிந்துகொண்டிருக்க, சுட்டி நகராமல் நிற்பது இதன் அறிகுறியாகும்.

உறுப்புகளை மாற்றுதல்

மிகுந்த பயன் தருபவை இரண்டு: நினைவகத்தைக் கூட்டுதல், வன்தட்டுக்குப் பதிலாகத் திண்மநிலை வட்டைப் பொருத்துதல். திண்மநிலை வட்டில் அசையும் பகுதி எதுவும் இல்லாததால் தகவலைத் தேடும் நேரம் மில்லிவினாடியின் சிறு பின்னமாகக் குறைகிறது. பழைய சாட்டா இணைப்பில் அதன் முழு வேகம் கிடைக்காது என்றாலும், இந்த நன்மை குறைவதில்லை. அகன்ற பட்டை வடம் கொண்ட ஐடிஇ இணைப்பு மட்டுமே உள்ள கணினிகளில் இம்மாற்றம் எளிதன்று. அத்தகைய கணினிக்குப் பணம் செலவிடுவது பொதுவாகத் தகாது.

டிடிஆர், டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 ஆகிய நினைவக வகைகள் ஒன்றுக்கொன்று பொருந்தா. அவற்றின் வெட்டு வெவ்வேறு இடங்களில் அமைந்துள்ளது. தாய்ப்பலகை ஏற்கும் உச்ச அளவையும், இயங்குதளத்தின் வரம்பையும் வாங்குமுன் அறிதல் வேண்டும். 32 பிட்டு விண்டோஸ் பதிப்புகள் 4 ஜிகாபைட்டுக்கு மேல் பயன்படுத்துவதில்லை. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்போ 2 ஜிகாபைட்டுடன் நின்றுவிடும். அதில் கூடுதல் நினைவகம் பொருத்தியும் பயன் இராது.

செயலியை மாற்றுவது அரிதாகவே பலன் தரும். மாறாக, தாய்ப்பலகையில் உள்ள நாணய வடிவ மின்கலத்தை மாற்றுவது மலிவான பணி. அது தீர்ந்துவிட்டால் கணினியின் நாள் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். அப்போது உலாவி, வலைத்தளங்களின் சான்றிதழ்கள் செல்லாதவை என எச்சரிக்கும். இதை நச்சுநிரல் என்று தவறாகக் கருதுவோர் உண்டு.

இயங்குதளத்தைத் தேர்ந்தெடுத்தல்

ஆதரவு முடிந்த இயங்குதளம் தொடர்ந்து இயங்கும். எனினும் புதிதாகக் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளுக்கு வழக்கமாகத் திருத்தம் கிடைக்காது. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டியபோது, மூன்றாண்டுகளுக்கு முன்பே கைவிட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. விண்டோஸ் 7க்கான திருத்தம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வந்திருந்தது. அதை நிறுவாத கணினிகளே பெருமளவில் சிக்கின.

விண்டோஸ் 11 நினைவகத்துடன், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் குறிப்பிட்ட தலைமுறைச் செயலிகளையும் கேட்கிறது. இன்டெல் கோர் செயலிகளில் பெரும்பாலும் 2017இல் வந்த எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே ஏற்கப்படுகின்றன. இதனால் நன்கு இயங்கும் பல கணினிகள் தகுதி இழந்தன. இச்சோதனையைத் தவிர்த்து நிறுவும் வழிகள் உள்ளனவெனினும், அவ்வாறு நிறுவியவற்றுக்கு இற்றைப்படுத்தல்கள் உறுதியில்லை.

மற்றொரு வழி லினக்ஸ் வழங்கல்கள் ஆகும். 4 ஜிகாபைட்டும் 64 பிட்டுச் செயலியும் இருப்பின் லினக்ஸ் மின்ட் போன்றவை ஏற்றவை. அதற்கும் குறைவாயின், எக்ஸ்எஃப்சிஇ அல்லது எல்எக்ஸ்கியூடி பணிச்சூழல் கொண்டவற்றை நாடலாம். 32 பிட்டுச் செயலிகளுக்கான வாய்ப்பு சுருங்கி வருகிறது: உபுண்டு 2017இல் அவற்றுக்கான மேசைக்கணினி நிறுவல் வட்டை நிறுத்தியது, 2025இல் வெளிவந்த டெபியன் 13இலும் 32 பிட்டு நிறுவி இல்லை. இலகுவான இயங்குதளம் வலைப்பக்கங்களை இலகுவாக்குவதில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. 1 ஜிகாபைட் நினைவகத்தில் எந்த இயங்குதளமானாலும் இன்றைய உலாவி திணறும்.

பெரும்பாலான வழங்கல்களை யூஎஸ்பி விரலியிலிருந்து நிறுவாமலே இயக்கிப் பார்க்கலாம். கம்பியில்லா இணைப்பு, ஒலி, அச்சுப்பொறி ஆகியவை இயங்குகின்றனவா என்பதை அப்போதே சோதிப்பது நன்று. குறிப்பாக அச்சுப்பொறி பலரை விண்டோசுக்கே திரும்பச் செய்வதுண்டு.

தமிழ்க் கோப்புகள்

புதிய இயங்குதளத்தை நிறுவும்போது வன்தட்டு முழுவதும் அழிக்கப்படலாம். ஆதலால் ஆவணங்களையும் ஒளிப்படங்களையும் முன்னரே வேறிடத்தில் படியெடுத்தல் இன்றியமையாதது. தமிழ்ப் பயனர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி, தகுதரம் முதலிய குறிமுறைகளில் தட்டச்சு செய்த கோப்புகள், உரிய எழுத்துரு இல்லாத கணினியில் படிக்க முடியாத குறிகளின் குவியலாகத் தெரியும். கோப்பைப் படியெடுத்தவர் எழுத்துருவை மறந்தால் ஆய்வேடும் கடிதமும் கைவசம் இருந்தும் படிக்க இயலாமல் போகும். எனவே எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்துப் படியெடுத்து, பின்னர் எழுத்துரு மாற்றி மென்பொருள் கொண்டு அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் காலக் கணினிகளில், விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்தது. இது டெபியனை அடிப்படையாகக் கொண்டு இந்திய அரசின் சி-டாக் உருவாக்கிய வழங்கலாகும். பல வீடுகளுக்கு முதற்கணினியாக வந்த அவை, இப்போது இக்கட்டுரை கூறும் வயதை எட்டியுள்ளன.