பசளைக் காசும் இடாப்பில் உள்ள பெயரும்



பெரும்போக விதைப்பு முடிந்தால் எங்கள் பக்கத் தேநீர்க் கடைகளில் ஒரே கேள்விதான். "காசு விழுந்திட்டா?" பசளை மானியத்தைத்தான் கேட்கிறார்கள். இந்தக் காசின் கதை நீளமானது. நாம் யாரும் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை.

பசளை மானியம் 1962 இல் தொடங்கியது. எச்-4, பின்னர் பத்தலகொடையிலிருந்து வந்த பிஜி இனங்கள் எல்லாம் பசளை போட்டால்தான் பலன் காட்டும். அரிசி இறக்குமதிச் செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பசளையை மலிவாகக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது அன்றைய கணக்கு. 1990 இல் மானியத்தை முற்றாக நிறுத்தினார்கள். அந்த வருடம் கிழக்கில் பசளை விலையைப் பற்றி யார் பேசினார்கள்? வட்டைக்குப் போனவர் மஃரிபுக்கு முன் வீடு திரும்புவாரா என்பதுதான் பேச்சு. 1994 இல் மானியம் திரும்பி வந்தது. 1997 இல் யூரியாவுக்கு மட்டும் என்று சுருங்கியது.

2005 இன் இறுதியில் வந்ததுதான் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும் 350 ரூபா மூடை. 2008 இல் உலகச் சந்தையில் யூரியா விலை பறந்தபோதும் அந்த 350 அசையவில்லை. மிச்சத்தைத் திறைசேரி சுமந்தது. 2016 இல் மூடைக்குப் பதிலாகக் காசு: ஹெக்டேயருக்கு வருடம் 25,000 ரூபா, 2 ஹெக்டேயர் வரை, வங்கிக் கணக்கில். 2018 இல் மறுபடியும் மூடை, விலை 500. 2020 இல் இலவசம். 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதிக்கே தடை. அதன் பிறகு நடந்ததை நாம் எழுதத் தேவையில்லை, நீங்கள் எல்லோரும் வரிசையில் நின்றவர்கள்தான். இப்போது திரும்பவும் காசு. ஹெக்டேயருக்கு 15,000 ஆக இருந்தது, 2024 பெரும்போகத்தில் 25,000 ஆகியது.

மூடையா காசா என்பது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் மூடை வந்தால் அது பெரும்பாலும் வயலுக்குத்தான் போகும். (கடைக்குப் போன மூடைகளையும் நாம் கண்டிருக்கிறோம், அது வேறு கதை.) காசு வயலைத் தேடிப் போகாது, இடாப்பில் உள்ள பெயரைத் தேடிப் போகும்.

அந்த இடாப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. 1958 இல் பிலிப் குணவர்தன கொண்டு வந்த நெற்காணிச் சட்டத்தின் நோக்கம், வாரத்துக்குச் செய்கிறவனுக்கு வயலில் ஓர் உரிமை இருக்க வேண்டும் என்பது. பயிர்ச்செய்கைக் குழுக்கள் உருவாகின, யார் காணிக்காரர், யார் செய்கைக்காரர் என்று பதிவு செய்யத் தொடங்கினார்கள். பெயர் பதியப்பட்டால் பிறகு எழுப்ப முடியாது என்று பயந்து, பல இடங்களில் காணிக்காரர்கள் முன்கூட்டியே குத்தகைக்காரரை எழுப்பி விட்டார்கள். பாதுகாக்க வந்த சட்டமே பலரை வயலைவிட்டு இறக்கியது. 1979 சட்டம், 2000 ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் என்று பெயர்கள் மாறினாலும், வாய்ப்பேச்சில் குத்தகைக்குச் செய்யும் மனுசனின் பெயர் இன்றும் பல வேளை இடாப்பில் இல்லை. உழவுக் கூலி, எண்ணெய், நாசினி எல்லாம் அவன் கையால். மானியம் போடியாரின் கணக்கில். நல்ல போடிமார் எடுத்துக் கொடுக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அது அவர்களின் மனசு, அவனுடைய உரிமை அல்ல.

எங்கள் ஊர்களில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. வீட்டையும் வயலையும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுப்பது வழமை. உறுதி எழுதுவோம், இடாப்பில் பெயர் மாற்ற மாட்டோம். "பிறகு பார்ப்போம்" என்று விடுவோம். எங்கள் குடும்பத்து இரண்டு ஏக்கர் இன்னும் உம்மும்மாவின் பெயரில்தான் கிடக்கிறது. அவர் மௌத்தாகிப் பதினொரு வருடம். சாச்சா ஒவ்வொரு போகமும் விதைக்கிறார், ஒவ்வொரு போகமும் கமநல சேவை நிலையத்துக்குப் போய் வெறுங்கையோடு வருகிறார். இந்தப் போகம் மரண அத்தாட்சிப் பத்திரத்தையும் உறுதிப் பிரதியையும் எடுத்துக்கொண்டு நாமும் கூடப் போகிறோம்.