மலாக்காவில் ஒரு நாள் நடை

காலை வெயில் ஏறுமுன் மலாக்கா ஆற்றின் பாலத்தருகே நின்று நோக்குவார்க்கு முதலில் வியப்பே தோன்றும். இத்துணைச் சிறிய ஆற்றையா கீழை உலகின் வணிகமெல்லாம் ஒரு காலத்தில் நாடி வந்தது! ஏறத்தாழ 1400ஆம் ஆண்டில் பரமேசுவரன் அமைத்த துறை இது. 1511இல் போர்த்துக்கீசியர் கவர்ந்த சில திங்களில் இங்கு வந்து தங்கிய தோமே பிரேசு, இத்துறையில் 84 மொழிகள் வழங்கின என்று எழுதி வைத்தான். சுல்தான்கள் வெளிநாட்டு வணிகரை மேற்பார்க்க நான்கு ஷாபந்தர்களை அமர்த்தியிருந்தனர். அவர்களுள் ஒருவர் வங்காளம், பெகு, பாசாய் ஆகிய இடத்து வணிகரோடு தமிழ் வணிகரையும் கவனித்துக்கொண்டார்.

பாலத்தின் கீழ்க்கரையில் டச்சுச் சதுக்கம். செந்நிறம் பூசிய ஆளுநர் மாளிகையும், 1741இல் தொடங்கி 1753இல் முடித்த கிறித்துவ ஆலயமும் அழகியவைதாம். பயணிகளின் கூட்டமும் இங்குதான் மிகுதி. அவற்றை ஒருமுறை சுற்றிவிட்டுக் குன்றின் படிகளில் ஏறுவதே தக்கது. குன்றின் உச்சியில் கூரையற்று நிற்கும் தேவாலயம் 1521இல் துவார்த்தே கொயெல்யோ எழுப்பிய சிற்றாலயத்தின் வளர்ச்சியாகும். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தொண்டாற்றிச் செபங்களைத் தமிழில் பெயர்க்கச் செய்த பிரான்சிசு சவேரியார், 1545இல் மலாக்காவுக்கு வந்தார். சீனக் கரையோரத் தீவொன்றில் அவர் மறைந்தபின், 1553இல் அவருடலைச் சில திங்கள் இவ்வாலயத்தில்தான் அடக்கம் செய்திருந்தனர். பின்னர்க் கோவாவுக்குக் கொண்டு சென்றனர்.

குன்றின் மறுபுறம் இறங்கினால் எஞ்சிய ஒரே கோட்டை வாயில் நிற்கிறது. இதன் நெற்றியில் காணும் 1670 என்னும் ஆண்டு கட்டியவர் பொறித்ததன்று. 1641இல் நகரைப் பிடித்த டச்சுக்காரர் பின்னர்ப் பழுதுபார்த்துப் பொறித்தது. அன்று இதனருகே அலை மோதியது. இன்று கடலைத் தூர்த்த நிலம் முன்னே விரிந்து கிடப்பதால், வந்தவர்க்குக் கடல் எங்கே என்று கேட்கத் தோன்றும்.

எஞ்சிய மதில்கள் எங்கே போயின? 1795இல் நகரைக் கைக்கொண்ட ஆங்கிலேயர், இதனைத் திருப்பித் தர நேர்ந்தால் கோட்டை பிறர்க்குப் பயன்படலாகாது என்று கருதி, 1807இல் வெடிமருந்து வைத்துத் தகர்க்கத் தொடங்கினர். யானையளவும் வீட்டளவும் பாறைகள் எழுந்து கடலில் விழுந்ததைச் சிறுவனாக நின்று பார்த்தவர் ஒருவர் உண்டு. அவரே பிற்காலத்து மலாய் உரைநடையின் முன்னோடியெனப் போற்றப்படும் முன்ஷி அப்துல்லா.

அவர் நாகூரில் குடியேறிய அரபுக் குடும்பத்தின் வழிவந்தவர்; தமிழ்க் குருதியும் கலந்தவர். 1849இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில், தந்தை தம்மைத் தமிழ் பயில அனுப்பியதையும், இரண்டரை ஆண்டு கற்றதையும் அவர் குறிப்பிடுகிறார். மலாக்காவின் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலத்து வழக்கம் என்றும், கணக்கெழுதவும் வணிகம் பேசவும் அது வேண்டியிருந்தது என்றும் அவர் காரணம் கூறுகிறார். தமிழாசிரியர் ஒருவர் அந்த வாயிலின் நிழலில் சற்று அமர்ந்து எண்ணத்தக்க செய்தி இது. தமிழரல்லாதாரும் தேடிக் கற்கும் மொழியாக இந்நகரில் தமிழ் இருந்திருக்கிறது.

நண்பகலுக்குப்பின் பாலத்தைக் கடந்து மேற்கரை சேர்ந்தால் பழைய வணிகர் பகுதி. போர்த்துக்கீசிய ஏடுகள் 'நினா சாத்து' எனக் குறிக்கும் தமிழ் வணிகர் வாழ்ந்த நகர் இது. 1509இல் சிறைப்பட்ட போர்த்துக்கீசியருக்கு அவர் உதவினார். வென்ற அல்புகெர்க் அதற்குக் கைம்மாறாக அவரைத் தம் இனத்தார்க்குப் பெண்டகாராவாக்கினான். 1514இல் அப்பதவியைப் பறித்துக் கம்பார் அரசனுக்குக் கொடுத்தனர். அவமானம் பொறாது அவர் தீப்புகுந்தார். அந்நியர்க்குச் செய்த உதவியை அந்நியர் எத்துணைக் காலம் நினைவிற் கொண்டனர் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

பொற்கொல்லர் தெருவில் பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. மலாக்காச் செட்டிகளின் தலைவர் தெய்வநாயகம் செட்டிக்கு டச்சு அரசு தந்த நிலத்தில் 1781இல் எழுந்தது. சில அடிகள் நடந்தால் தமிழ் முஸ்லிம் வணிகர் 1748இல் அமைத்த கம்போங் கிளிங் பள்ளிவாசல். அதன் மினாரா சீனக் கோபுரம் போன்றது. கலிங்கத்தினின்று பிறந்ததாகக் கருதப்படும் 'கிளிங்' என்னும் சொல் பிற்காலத்தில் இழிசொல்லாயிற்று. பழைய ஏடுகளிலோ அது கப்பலும் சரக்கும் உடைய செல்வரைச் சுட்டிற்று.

வெயில் தாழ்ந்தபின் வடக்கே காஜா பெராங்கை நோக்கி நடக்கலாம். அங்கேதான் அக்கோயிலை எழுப்பிய செட்டி மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் சிற்றூர். அவர்களுடைய முன்னோர் உள்நாட்டுப் பெண்டிரை மணந்தனர். வணிகம் கைவிட்டுப் போயிற்று. தாய்நாட்டுத் தொடர்பும் அறுந்தது. வீட்டில் மலாய் பேசினர். தமிழ் நாவைவிட்டு அகன்றது. பெயர்களில் பிள்ளையும் நாயக்கரும் நின்றனர். வாயிலில் மாவிலைத் தோரணம் நின்றது. பொங்கலையொட்டி ஒரு முறையும், பழக்காலத்தில் ஒரு முறையும் வாழையிலையில் சோறும் கறியும் இட்டு முன்னோர்க்குப் படைக்கும் 'பார்ச்சு' இன்றும் நடக்கிறது. படையலில் டுரியானும் மங்குஸ்தானும் இடம்பெறும்.

1822இல் எழுந்த முத்துமாரியம்மன் கோயிலின் திருவிழாவுக்கு அவர்கள் இட்ட பெயர் 'டத்தோ சாச்சார்'. சாச்சார் என்பது அம்மை நோய்க்கு மலாய்ச் சொல். தமிழ்ப்பெயரை விட்டாலும் தெய்வத்தை விடாமல், பெயரையே மலாயாக்கி வைத்திருக்கின்றனர். திருவிழா நாளில் நேர்த்திக்கடன் செலுத்துவோர் பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து இங்கு நடந்தே வருகின்றனர். நண்பகலில் கண்ட அதே தெரு வழியாக.