மலையடிவாரத்து வளைவும் ஒரு வண்ணத் தாளும்



சேலத்திலிருந்து ஏற்காடு போகும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். 1935இல் டி.ஆர்.சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டூடியோவை நினைவூட்ட இன்று நிற்பது அந்த முகப்புதான். தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956இல் அந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த படம். கேவா கலரில் எடுத்தது. மலையாளத்தின் முதல் வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ம் (1961) அவர்கள் தயாரிப்பே.

கறுப்பு வெள்ளையில் விளக்கு மஞ்சளாக எரிந்தாலும் வெயில் நீலம் கலந்து விழுந்தாலும் திரையில் சாம்பல்தான். வண்ணம் வந்ததும் அந்தச் சலுகை போய்விட்டது.

இதை எனக்குப் புரியவைத்தவன் நம் மாணவன் ஒருவன். இன்று சினிமாவில் லைட்மேன். ஏற்காட்டில் ஒரு பழைய பங்களாவில் படப்பிடிப்புக்கு வந்தவன் என்னையும் அழைத்தான். ஜன்னல் வழியே பனிமூட்ட வெளிச்சம். உள்ளே டங்ஸ்டன் விளக்கு.

“ஐயா, நம்ம கண்ணு ரெண்டையும் வெள்ளைன்னு ஏத்துக்கும். கேமரா ஏத்துக்காது” என்றான்.

டங்ஸ்டன் 3200 கெல்வின், பகல் வெளிச்சம் சுமார் 5600. மூட்டம் போட்டால் இன்னும் கூடும். கொல்லன் பட்டறை இரும்பு முதலில் சிவந்து, சூடு ஏற ஏற வெளுக்கிறதல்லவா? அதே கணக்கு: எண் கூடினால் நீலம் கூடும். விளக்கை வெயிலோடு சேர்க்க அதன்முன் நீலத் தாள். வெயிலை விளக்கோடு சேர்க்க ஜன்னலில் ஆரஞ்சுத் தாள். இதற்கு ‘ஜெல்’ என்று பெயர். முற்காலத்தில் ஜெலட்டினில் செய்ததால் வந்த பெயர். ஈரம் பட்டால் கெட்டுப்போகுமாம். இப்போது பிளாஸ்டிக். அழுத்தமான நீலத் தாள் போட்டால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சமே மிஞ்சும். அதனால் விளக்குகள் கூடுதலாக வேண்டும், சூடும் கூடும்.

இன்று நிறம் மாற்றும் எல்.இ.டி. விளக்குகள் வந்துவிட்டன. ஆனாலும் ஜன்னல் வெயிலுக்கு அந்தத் தாள்தான் என்கிறான்.

இவனைத்தான் “படம் பார்த்தே கெட்டுப்போகிறாய்” என்று பெஞ்சில் ஏற்றினேன். முப்பது ஆண்டு வரலாறு நடத்தினேன். அக்பரும் அசோகரும் வந்தார்கள். நம் ஊர் ஸ்டூடியோவும், அதில் விளக்கு தூக்கியவர்களும் என் வகுப்புக்குள் ஒருநாளும் வரவில்லை. அது என் தவறு.

அடுத்தமுறை மலையேறும்போது வளைவருகே வண்டியை நிறுத்தி, பேரப்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அங்கே வேலை செய்த பெரியவர்கள் இருந்தால் கேட்டு, கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.