சாயக் கழிவுநீரின் மின்னாற்பகுப்பு

சாயக் கழிவுநீரின் மின்னாற்பகுப்பு என்பது சாயப்பட்டறைகளிலிருந்து வெளியேறும் நீரில் மின்சாரத்தைச் செலுத்தி, மின்வாய்களில் நிகழும் ஆக்சிஜனேற்ற, ஒடுக்க வினைகளைக் கொண்டு அதன் நிறத்தை நீக்கும் முறை ஆகும். பின்னலாடை நகரமான திருப்பூரின் கழிவுநீர் இம்முறையின் பயனையும் எல்லையையும் ஒருங்கே காட்டுகிறது. அதில் உப்பு மிகுதியாதலால் மின்பகுளி எதையும் தனியே சேர்க்க வேண்டியதில்லை.

உப்பு வரும் வழி

பருத்தி இழையின் மேற்பரப்பு நீரில் எதிர்மின்னூட்டம் பெறும். வினைபடு சாயங்களும் எதிர்மின்னூட்டம் உடையவை. ஒன்றையொன்று விலக்கும் இவ்விரண்டையும் நெருங்கச் செய்யவே சாயத்தொட்டியில் சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்பேட் இடப்படுகிறது. துணி இவ்வுப்பை ஏற்பதில்லை. ஏறத்தாழ முழுவதும் கழிவுநீருடன் வெளியேறுகிறது.

மின்வாய் வினைகள்

எலக்ட்ரான்களை இழப்பது ஆக்சிஜனேற்றம், ஏற்பது ஒடுக்கம். (பெயரில் ஆக்சிஜன் இருப்பினும் வினையில் அது இருக்க வேண்டும் என்பதில்லை.) நேர்மின்வாயில் இரண்டு குளோரைடு அயனிகள் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து ஒரு குளோரின் மூலக்கூறாகின்றன. எதிர்மின்வாயில் நீர் எலக்ட்ரான்களை ஏற்று ஹைட்ரஜன் வாயுவையும் ஹைட்ராக்சைடு அயனியையும் தருகிறது.

திட்ட மின்னழுத்தத்தை மட்டும் நோக்கினால், நேர்மின்வாயில் குளோரைடுக்கு (1.36 வோல்ட்) முன்பாக நீரே (1.23 வோல்ட்) ஆக்சிஜனேற்றம் அடைய வேண்டும். ஆயினும் ருத்தேனியம் ஆக்சைடு பூசிய டைட்டானிய மின்வாயில் ஆக்சிஜன் உண்டாகும் வினை மெதுவாகவே நடக்கும். எனவே உவர்நீரில் குளோரின் முந்திக்கொள்கிறது. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இவ்வகை மின்வாய்களில் ஆய்வு செய்துள்ளது.

குளோரின் நீருடன் வினைபுரிந்து ஹைப்போகுளோரைட்டாக மாறி, சாயத்திற்கு நிறம் தரும் பிணைப்புகளைச் சிதைக்கிறது. துணி வெளுக்கப் பயன்படும் பொருளும் இதுவே. 1,000 ஆம்பியர்-மணி மின்சாரம், கொள்கையளவில், சுமார் 1.32 கிலோகிராம் குளோரினைத் தரும். நடைமுறையில் ஆக்சிஜனும் ஓரளவு வெளியேறுவதால் இது குறையும்.

எல்லை

சாயத்தைச் சிதைக்கும் ஹைப்போகுளோரைட் தான் ஒடுக்கமடைந்து மீண்டும் குளோரைடாகிறது. எனவே நிறம் மறைந்தாலும் உப்பு நீரிலேயே தங்கிவிடுகிறது. நீர் தெளிந்திருப்பதை மட்டும் கண்டு அதைப் பாசனத்திற்கு உகந்தது எனக் கொள்ள இயலாது. நொய்யல் ஆற்றின் குறுக்கே பாசனத்திற்கெனக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் உப்பு மிகுந்த சாயக்கழிவு தேங்கி, சுற்றுப்புற வயல்களும் கிணறுகளும் கெட்டன. விவசாயிகள் நீண்டகாலம் வழக்காடினர். 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. இதன்பின் வலுப்பெற்ற 'ஜீரோ டிஸ்சார்ஜ்' முறையில், எதிர்ச் சவ்வூடுபரவலாலும் ஆவியாக்கிகளாலும் உப்பு பிரிக்கப்படுகிறது. அதில் ஒரு பகுதி மீண்டும் சாயத்தொட்டிக்கே செல்கிறது.

மின்னாற்பகுப்பின்போது குளோரின் கரிமப் பொருள்களுடன் சேர்ந்து நச்சுத்தன்மையுள்ள குளோரினேற்றச் சேர்மங்களை உண்டாக்கக்கூடும். ஆகவே இம்முறையைக் கையாளும் இடங்களில் நிறத்துடன் இச்சேர்மங்களின் அளவையும் சோதிப்பது அவசியம்.