கடைமடையும் ஒற்றை நாற்றும்: கடலூர் மாவட்டத்தில் சிக்கன நீர் நெல் சாகுபடி

திருந்திய நெல் சாகுபடியைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் விளைச்சல் கணக்கோடு நின்றுவிடுகின்றன. அந்தக் கணக்கில் பெரிய ஐயம் இல்லை. 2003-04இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் காவிரி, தாமிரபரணிப் படுகைகளில் உழவர் வயல்களிலேயே இம்முறையை ஒப்பிட்டுப் பார்த்தது. தாமிரபரணியில் எக்டேருக்குச் சுமார் ஒன்றரை டன் கூடுதலாகக் கிடைத்தது. 14 நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, சதுர நடவு, களையெடுக்கக் கோனோவீடர் கருவி, மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்டபின் 2.5 செ.மீ. தண்ணீர்: பிரெஞ்சுப் பாதிரியார் ஆன்றி தெ லொலானியே 1980களில் மடகாஸ்கரில் வகுத்த முறையின் தமிழ்நாட்டு வடிவம் இதுதான். ஏக்கருக்கு 2 முதல் 3 கிலோ விதை போதும்.

ஆனால் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட வேண்டுமென்றால், விடுவதும் நிறுத்துவதும் உழவர் கையில் இருக்க வேண்டும். கடலூர் மாவட்டத்தில் அது யார் கையில் இருக்கிறது?

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டங்கள் காவிரிப் பாசனத்தின் கடைமடை. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணை, கீழணை தாண்டி வடவாறு வழியாக வீராணத்துக்கு வந்து, மதகுகளில் பிரிந்து வயலுக்குச் சேர வேண்டும். முறை வைத்து விடும் வாய்க்காலில் அடுத்த தண்ணீர் என்று வரும் என்பதை வயலுக்கு உரியவர் முடிவு செய்வதில்லை. இப்பகுதியின் கனத்த களிமண்ணில் இது சிறு குறை அன்று. தண்ணீர் தாமதமானால் மயிரிழை வெடிப்பு விரலளவாகும். பிறகு பாயும் நீரில் கணிசமான பங்கு வெடிப்பு வழியே கீழிறங்கிவிடும். அதாவது, சேமிக்கவென்று காயப்போட்ட வயலே கூடுதலாகக் குடிக்கும். இன்னொன்று: இம்முறை சேமிப்பதாகச் சொல்லப்படும் நீரில் பெரும்பகுதி, தேங்கிய நீர் மண்ணில் கசிந்து போகாமல் தடுப்பதால் கிடைப்பது. நன்றாகச் சேறடித்த களிமண்ணில் கசிவே குறைவு. மணற்பாங்கான நிலத்தில் கண்ட சேமிப்பை இங்கே எதிர்பார்ப்பது தவறு.

சம்பாப் பருவத்தில் சிக்கல் நேர்மாறாகத் திரும்புகிறது. வடகிழக்குப் பருவமழையில் வயலுக்குத் தேவை தண்ணீர் அல்ல, வடிகால். 2015 நவம்பர் வெள்ளத்தைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அகல இடைவெளியில் நட்ட இளநாற்று அத்தகைய தேக்கத்தில் மூழ்கினால் பிழைப்பது அரிது.

பண்ருட்டி, விருத்தாசலம் பக்கம் ஆழ்துளைக் கிணறுகளை நம்பிய நிலம் அதிகம். அங்கே தண்ணீர் உழவர் கையில் இருக்கிறது, விருப்பப்படி காயவிடலாம். ஆனால் மின்சாரம் இலவசம் என்பதால், மோட்டாரை நிறுத்துவதால் அவருக்கு ஒரு ரூபாயும் மிச்சமில்லை. தேவை இருக்கும் இடத்தில் கட்டுப்பாடு இல்லை, கட்டுப்பாடு இருக்கும் இடத்தில் தூண்டுதல் இல்லை. திருந்திய சாகுபடியின் பரவல் மந்தமானதற்கு உழவரின் அறியாமையைக் காரணம் சொல்லும் அறிக்கைகள் இந்த முரணைத் தொடுவதேயில்லை.

கடைமடை உழவர் தமக்கென ஒரு விடை வைத்திருக்கிறார்: புழுதி விதைப்பு. வாய்க்கால் தண்ணீருக்குக் காத்திராமல் காய்ந்த நிலத்தில் விதைத்து, மழையைக் கொண்டே பயிரை முளைக்கவைப்பது. நாற்றங்காலுக்கும் சேற்றுழவுக்கும் போகும் நீர் முழுதும் இதில் மிச்சம். களை கூடுதல் என்பது உண்மைதான். எனினும் ஆய்வுத் துறையின் கவனம் ஒற்றை நாற்றின்மேல் குவிந்த அளவுக்கு இதன்மேல் குவியவில்லை என்பது என் கருத்து.

மிச்சப்படும் நீர் எங்கே போகும் என்பதும் பேசப்பட வேண்டும். 2004 முதல் வீராணம் சென்னையின் குடிநீருக்கும் ஆதாரம். குடிநீர்த் தேவையை யாரும் மறுக்கவில்லை. ஆனால் உழவர் சிக்கனத்தால் ஏரியில் நிற்கும் நீரில் அவருக்கு என்ன உரிமை என்பதற்கு எந்தச் சாகுபடித் திட்டமும் பதில் சொல்வதில்லை.

சிதம்பரம் பகுதியைப் பொறுத்தவரை கோனோவீடர் மானியத்துக்கு முன்னால் வர வேண்டியவை மூன்று: முன்கூட்டியே அறிவித்துத் தவறாமல் நடத்தும் முறைப்பாசனம், தூர்வாரிய வடிகால்கள், புழுதி விதைப்புக்கேற்ற களைக் கட்டுப்பாட்டு ஆய்வு.